திட்டு தீவான கதை

அன்பரே, நீங்கள் நிற்கும் இடம் எந்த நாட்டைச் சேர்ந்தது என்று உங்களால் சான்றோடு சொல்ல முடியுமா? மரக்காணம் பக்கத்துக் குப்பமொன்றில் மீன் விற்கும் தைலம்மாளும் அதைச் சுலபமான கேள்வி என்றுதான் நினைத்திருந்தாள்.

முகத்துவாரத்தில் ஒரு மணல்திட்டு. இருட்டில் அதன்மேல் மோதி அவள் மகன் பூவரசனின் படகு இரண்டு முறை உடைந்தது. மூன்றாம் முறை மகனும் போய்விடக் கூடாதே என்று, திட்டில் ஒரு விளக்குக் கேட்கத் திண்டிவனம் போனாள். மனு எழுதும் விருத்தாசலம் பேனாவை நிறுத்தினார்.

"ஆபீசருக்குப் போற மனுவுல 'திட்டு'ன்னு எழுதினா மரியாதையா இருக்குமாக்கா? தீவுன்னு போடறேன்."

தீவு என்றதும் அலுவலகமே எழுந்து நின்றது. தீவென்றால் இறையாண்மை அல்லவா! கோப்பு விழுப்புரம் போயிற்று. அங்கே அதிகாரி நடராசன் சர்வதேசச் சட்டப் புத்தகத்தைத் தூசி தட்டிக் காத்திருந்தார்.

"அம்மா, இந்தத் தீவு நம்முடையது என்பதற்கு ஆதாரம்?"

"வேற எந்த நாடாவது கேக்குதுங்களா?"

"இதுவரை இல்லை. கேட்டால்?"

"எங்க மாமனாரு, அவரு அப்பா, எல்லாரும் அங்கதாங்க வலை போட்டாங்க."

"மீன் பிடித்தது உங்கள் சொந்தக் காரியம். செல்லாது. அரசு அங்கே ஏதாவது செய்திருக்க வேண்டும். உதாரணமாக, விளக்கு."

"அதத்தாங்க கேட்டுக்கினு வந்திருக்கேன்!"

"விளக்கு இருந்தால்தான் தீவு நம்முடையது. நம்முடையதாக இருந்தால்தான் விளக்கு." நடராசன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சட்டம் தெளிவாக இருக்கிறது."

"ஒரே பேஜாருங்க உங்களோட" என்று எழுந்தாள் தைலம்மாள். மறுநாளே ஒரு சோலார் விளக்கை மூங்கிலில் கட்டித் திட்டில் நட்டாள். மூன்று நாள் பூவரசன் பழுதில்லாமல் கரை சேர்ந்தான். நான்காம் நாள் நடராசன் பரிவாரத்தோடு வந்திறங்கி, அனுமதியற்ற விளக்கைப் பறிமுதல் செய்து, மகஜர் எழுதி, முத்திரை வைத்தார். முகத்தில் வெற்றிக்களை.

"வாழ்த்துகள் அம்மா! பறிமுதல் என்பது அரசின் செயல். இன்று முதல் இத்தீவு ஐயந்திரிபற நம்முடையது."

"அப்ப வெளக்கக் குடுத்துட்டுப் போங்க சார். பையன் கடல்ல இருக்கான்."

"அது சான்றுப் பொருள். திருப்பிக் கொடுத்தால் தீவு போய்விடும்."

விளக்கு இன்று விழுப்புரத்தில், பூட்டிய அலமாரியில் பத்திரமாக இருக்கிறது. திட்டு இருட்டில் கிடக்கிறது. பூவரசன் இன்றும் கடலுக்குப் போயிருக்கிறான்.

அன்பரே, சிரித்தது போதும். மரியாதைக்காகச் சொல்லை மாற்றியவர் விருத்தாசலம் மட்டுமா? உங்கள் தெருவில் ஆளை விழுங்கும் பள்ளத்தை, 'சீரமைப்பை எதிர்நோக்கும் பகுதி' என்று பணிவோடு எழுதிக் கொடுத்தவர் யார்? இன்றே, பொழுது சாய்வதற்குள், புதிய தாளொன்றை எடுங்கள். பள்ளத்தைப் பள்ளம் என்றும், திட்டைத் திட்டு என்றும் எழுதுங்கள். அதற்கும் அதிகாரி அசையாவிட்டால், 'திட்டு' என்ற சொல்லுக்கு இன்னொரு பொருளும் உண்டு. நேரில் போய் அதையும் கொடுத்துவிட்டு வாருங்கள்.