உண்ணாமலைக்கு வந்த நோட்டீசு

கல்லேரிமேடு,
செஞ்சி வழி,
20-5-1964

சென்னை பெரம்பூர் ரயில் பட்டறையில் உத்தியோகமாக இருக்கும் மதிப்புக்குரிய மாப்பிள்ளை உத்திராபதி அவர்களுக்கு, மச்சான் ஆதிமூலம் எழுதிக்கொண்டது.

இங்கே நானும் என் வீட்டுக்காரி குஞ்சம்மாளும் உழவு மாடு இரண்டும் சௌக்கியம். கிணற்றில் தண்ணீர் சௌக்கியமாக இல்லை, பஞ்சாயத்துக்குப் புத்தி சௌக்கியமாக இல்லை. கிணறாவது மழை பெய்தால் சரியாகிவிடும். அங்கே நீங்களும் உங்கள் வீட்டம்மா சாரதாவும் பிள்ளைகள் இருவரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நீங்கள் இந்தப் பக்கம் வந்து ஒன்பது வருஷம் ஆகிறது. அதைக் குத்திக்காட்ட இந்தக் கடிதத்தை எழுதவில்லை. இரண்டாம் தாரம் கட்டிக்கொண்ட மனுஷன் முதல் தாரத்தின் ஊருக்கு எந்த முகத்தோடு வருவது என்று நீங்கள் தயங்குவது எனக்குத் தெரியும். வரவே வேண்டாம். இதோடு கலெக்டருக்கு ஒரு மனு வைத்திருக்கிறேன். என் கையெழுத்துக்குக் கீழே உங்கள் கையெழுத்தைப் போட்டு மறுதபாலில் அனுப்பினால் போதும். ஏன் எதற்கு என்று கேட்காமல் கையெழுத்துப் போடுகிற ஆள் நீங்கள் இல்லை, ஆகையால் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

நம் உண்ணாமலை வயிற்றுப் பிள்ளையோடு போய்ச் சேர்ந்த வருஷம் நீங்களும் நானும் செஞ்சி ரோட்டு ஓரத்தில் சுமைதாங்கி நட்டோம் அல்லவா? என் தங்கை இறக்கிவைக்க முடியாமல் போன பாரத்தை வழியில் போகிறவர்களாவது இறக்கிவைக்கட்டும் என்று நட்டது. இரண்டு கால் கல், மேலே ஒரு படுக்கைக் கல், அதன் முகப்பில் அவள் பெயர். கல்லை ஏற்றி வரும்போது வண்டி அச்சு முறிந்ததும், நடு ரோட்டில் நீங்கள் கல்லைக் கட்டிக்கொண்டு அழுததும் எனக்கு நேற்று நடந்த மாதிரி இருக்கிறது. அன்றிலிருந்து செஞ்சி கடைத்தெருவுக்குக் கூடை தூக்குகிற பெண்கள் ஒருத்தி விடாமல் அங்கே சுமையை இறக்கி, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டுதான் போகிறார்கள். யாருக்கும் அதனால் ஒரு தொந்தரவும் இல்லை. நம் பஞ்சாயத்துத் தலைவர் ராஜாங்கத்துக்குத்தான் தொந்தரவாகப் போய்விட்டது. ரைஸ் மில் வைத்திருக்கிறாரே, அதே ராஜாங்கம்தான். ரோட்டை அகலப்படுத்தி ஜல்லி போடச் சொல்லி மேலே இருந்து உத்தரவு வந்ததாம். உடனே கிளார்க் தங்கராசு டேப்பைத் தூக்கிக்கொண்டு புறப்பட்டான். அளந்ததில் நம் கல் புறம்போக்கில் மூன்றடி உள்ளே இருக்கிறதாம். ராஜாங்கத்தின் மில் மதில் ஏழடி உள்ளே இருக்கிறதே என்று கேட்டேன். "அது கட்டடம்ங்க, அத ஆக்கிரமிப்புன்னு சொல்லக்கூடாது" என்கிறான்.

மறுநாள் கல்லில் ஒரு நோட்டீசு ஒட்டியிருந்தது. யார் பெயருக்கு என்று நினைக்கிறீர்கள்? உண்ணாமலை பெயருக்கு! 'மேற்படி ரோட்டுப் புறம்போக்கில் கல் நட்டு ஆக்கிரமித்திருக்கும் உண்ணாமலை என்பவருக்குத் தெரிவிப்பதாவது, இந்த நோட்டீசு கண்ட ஏழு தினங்களுக்குள் தாங்களாகவே காலி செய்துகொள்ள வேண்டியது, தவறினால் மேற்படி கல் உடைக்கப்பட்டு ரோட்டுக்கு ஜல்லியாக உபயோகிக்கப்படும்.' எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. நேரே பஞ்சாயத்து ஆபீசுக்குப் போய்த் தங்கராசுவைப் பிடித்தேன். செத்தவளுக்கு எப்படியடா நோட்டீசு கொடுத்தாய் என்று கேட்டால் அவன் பேனாவை மூடக்கூட இல்லை. "கல்லுல அவுங்க பேருதான இருக்குது? பேரு யாருதோ அவுங்களுக்குத்தான் நோட்டீசு. எனக்கு இன்னா தெரியும், நான் திண்டிவனத்தான்" என்றான். சரி, நானும் எழுத்துமூலமாகவே பதில் கொடுத்தேன். 'என் தங்கை உண்ணாமலை 1955-ஆம் வருஷம் ஆவணி மாதமே காலி செய்துவிட்டாள். பஞ்சாயத்தார் அவளிடம் நேரில் விசாரிக்க விரும்பினால் எனக்கு ஆட்சேபணை இல்லை. தலைவர் முதலில் போய் விசாரித்துவிட்டு வந்து எங்களுக்குச் சொல்லட்டும்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். மூன்றாம் நாள் அது திரும்பி வந்தது. மூலையில் சிவப்பு மையில் ஒரு வரி: 'உண்ணாமலையின் சொந்தக் கையெழுத்து இல்லாததால் நிராகரிக்கப்பட்டது.' மாப்பிள்ளை, அன்றைக்கு எனக்குச் சிரிப்பும் வந்தது அழுகையும் வந்தது. குஞ்சம்மாள் என்னைப் பார்த்துவிட்டுச் சாமி விபூதி எடுக்க உள்ளே ஓடினாள்.

பஞ்சாயத்துக் கூட்டத்தில் எழுந்து கேட்டேன். ராஜாங்கம் ரொம்பப் பதமாகப் பேசினார். "ஆதிமூலம், ஊருக்கு ரோடு வேணுமா வேணாவா? நாளைக்கு லாரி வரும், டாக்டர் வருவாரு. ஒரு கல்லுக்காவ ஊரே நிக்கணுமா?" என்றார். "டாக்டர் வராததாலதாங்க அந்தக் கல்லே வந்துச்சி" என்றேன். ஆனாலும் கை தூக்குகிற நேரத்தில் எல்லாக் கையும் ராஜாங்கம் பக்கம்தான் உயர்ந்தது. இன்னும் ஏழு நாள் கழித்துக் கல்லை உடைப்பது என்று முடிவாயிற்று. அப்போதே முடிவு செய்தேன், என் மேல் ஜல்லி போட்டுவிட்டு ரோட்டை எங்கே வேண்டுமானாலும் கொண்டுபோகட்டும் என்று. மறுநாள் விடிந்ததும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்ச் சுமைதாங்கி மேல் ஏறி உட்கார்ந்துவிட்டேன். தங்கச்சி பெயர் இருக்கிற கல் மேல் உட்காரலாமா என்று குஞ்சம்மாள் கோபித்தாள். தங்கச்சியை நான் அவளுடைய ஏழு வயசு வரைக்கும் இடுப்பில் சுமந்தேன், அவள் என்னை ஏழு நாள் சுமக்க மாட்டாளா என்று கேட்டேன். அப்புறம் குஞ்சம்மாள் வேளைக்குக் கூழ் கொண்டுவந்து கொடுத்தாள்.

கத்திரி வெயிலில் கருங்கல் மேல் உட்காருவது லேசுப்பட்ட காரியம் இல்லை. ஈரச் சாக்கை மடித்துப் போட்டுக்கொண்டு, முதல் பஸ்ஸிலிருந்து கடைசி பஸ் வரை உட்கார்ந்தேன். பொழுது சாய்ந்தால் வீட்டுக்குப் போய்விடுவேன். பஞ்சாயத்து விளக்கு எதுவும் எரியாத ஊரில் இருட்டில் வந்து எவன் கல் உடைக்கப்போகிறான்? எதிரி ராஜாங்கம் ஒருவர்தான் என்று நினைத்திருந்தேன். முதல் நாளே கூடைக்காரப் பெண்கள் பத்துப் பேர் வந்து நின்றார்கள். "யண்ணா, எறங்குண்ணா, கழுத்து ஒடியுது, சொமைய எறக்கணும்" என்றார்கள். போராட்டம் நடக்கிறது என்றேன். "நீ போராடிக்கோ, எங்க கூடைக்கு எடம் வுடு" என்றாள் ஒருத்தி. நியாயம்தானே? இறங்கினேன், ஒவ்வொரு கூடையாகப் பிடித்து இறக்கிவைத்தேன், அவர்கள் மூச்சு வாங்கியதும் திரும்பத் தூக்கிவிட்டேன், மறுபடி ஏறி உட்கார்ந்தேன். இப்படியே ஒரு நாளைக்கு முப்பது தரம். சத்தியாக்கிரகம் என்று ஆரம்பித்தது கடைசியில் கூலியில்லாத சுமை வேலையாக ஆகிவிட்டது. ஆனாலும் நான் அசரவில்லை.

இதற்கிடையில் பஸ் டிரைவர் ஒரு காரியம் செய்தார். நம் ஊருக்கு பஸ் ராஜாங்கத்தின் மில் வாசலில்தான் நிற்கும், உங்களுக்கே தெரியும். கல்லுக்கும் மில்லுக்கும் ஒரு பர்லாங்கு. கல் மேல் ஒரு மனுஷன், சுற்றிலும் பெண்கள் கூடையோடு நிற்பதைப் பார்த்ததும் பிரேக் போட்டுவிட்டார். "ஏறுறியா பெரியவரே?" என்றார். "ஏறமாட்டேன்" என்றேன். அடுத்த நடையிலும் நின்றார், அடுத்த நடையிலும் நான் ஏறவில்லை. ஆனால் கூடைக்காரப் பெண்கள் ஏறிக்கொண்டார்கள். நின்ற வண்டியை யாராவது விடுவார்களா? நாலாம் நாளைக்கெல்லாம் கீழத்தெரு ஜனம் மொத்தமும் மில் வாசலை மறந்துவிட்டுக் கல்லடிக்கு வர ஆரம்பித்தது. ஏழாம் நாள் சம்மட்டியோடு கூலியாட்களை அழைத்துக்கொண்டு ஓவர்சியர் வந்தார். பார்த்தால் நாற்பது பேர் கல்லைச் சுற்றி நிற்கிறார்கள், பஸ் நிற்கிறது, நான் மேலே உட்கார்ந்திருக்கிறேன். அவர் ராஜாங்கத்தைத் தனியே கூப்பிட்டு, "இது பஸ் நிக்கற எடமாச்சேங்க, இங்க எடம் விட்டுத்தான் ரோடு போடணும்" என்றார். ராஜாங்கம் நாற்பது பேரையும் ஒரு தரம் பார்த்தார். அடுத்த வருஷம் எலெக்சன். கல்லை அப்படியே விட்டுவிடத் தீர்மானம் போட்டார்கள்.

ஜெயித்தோம் என்று நினைத்து நான் இறங்கி வீட்டுக்கு வந்து வெந்நீரில் குளித்தேன். குளித்து முடிப்பதற்குள் அடுத்த தீர்மானம் வந்துவிட்டது. பஸ் நிற்கிற இடத்துக்குப் போர்டு வைக்க வேண்டுமாம். மில் வாசலில் பஸ் நிற்காமல் போன வயிற்றெரிச்சலுக்கு ராஜாங்கம் தன் அப்பா பெயரைப் போட்டுக்கொண்டார். 'ஊர்ப் பெரியதனக்காரர் அமரர் உயர்திரு வீராசாமி அவர்கள் நினைவு பஸ் நிற்குமிடம், கல்லேரிமேடு பஞ்சாயத்து.' நம் கல்லுக்குப் பின்னாலேயே இரண்டு கம்பம் நட்டு, அண்ணாந்தால் கழுத்து வலிக்கிற உயரத்தில் மாட்டியிருக்கிறார்கள். வீராசாமியை உங்களுக்குத் தெரியும். வாழ்நாளில் ஒரு கத்தரிக்காய்க் கூடையைத் தலையில் தூக்காத மனுஷர். தன் செருப்பையே வேறு ஆளை விட்டுத் தூக்கவைத்தவர். அவர் மேலே, என் தங்கை கீழே. இன்னும் பத்து வருஷம் போனால் இறங்குகிறவன் ஏறுகிறவன் எல்லாம் வீராசாமி வீராசாமி என்பான். உண்ணாமலை யார் என்று கேட்டால் கல் கொத்தியவன் சம்சாரமாக இருக்கும் என்பான். கல்லை உடைத்திருந்தால்கூட ஒரே நாள் அழுகையோடு போயிருக்கும். இது தினம் தினம் வயிறு எரிகிறது. போர்டை இரண்டு தரம் கழற்றினேன், இரண்டு தரமும் மாட்டிவிட்டார்கள். மூன்றாம் தரம் கம்பத்தில் ரிவிட் அடித்துவிட்டார்கள்.

ஆகையால்தான் மனு. போர்டை எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் அவள் பெயரை எழுத வேண்டும், இரண்டில் ஒன்று. கல் நட்டவர்கள் இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டால்தான் எடுபடும் என்று செஞ்சியில் பத்திரம் எழுதுகிறவர் சொன்னார். கலெக்டர் கேட்காவிட்டால் மந்திரிக்கு எழுதுவேன், மந்திரி கேட்காவிட்டால் மறுபடி கல் மேல் ஏறுவேன், சாக்கு இன்னும் காயவில்லை. அந்தப் போர்டு இருக்கிற வரைக்கும் அந்த பஸ்ஸில் கால் வைப்பதில்லை என்று சத்தியம் செய்திருக்கிறேன். செஞ்சிக்குச் சைக்கிளில்தான் போகிறேன், வருகிறேன். ஆதிமூலம் ஒரு தரம் சொன்னால் சொன்னதுதான் என்று ராஜாங்கத்துக்கும் தெரியட்டும். நீங்கள் கையெழுத்தை மட்டும் அனுப்புங்கள். சிரமப்பட்டு வர வேண்டாம்.

உங்கள் பிள்ளைகள் நன்றாகப் படித்து, புறம்போக்கு இல்லாத இடத்தில் வீடு கட்டி நூறு வயசு இருக்கட்டும். சாரதாவை நான் பார்த்ததில்லை. இருந்தாலும் ஒரு தங்கைக்குச் சொல்வதைப் போல என் ஆசியைச் சொல்லுங்கள். குஞ்சம்மாள் உங்கள் எல்லோரையும் கேட்டதாக எழுதச் சொன்னாள்.

இப்படிக்கு,
எதற்கும் இறங்கிவராத உங்கள் மச்சான்,
ஆதிமூலம்

பின்குறிப்பு: இந்தக் கடிதத்தைத் தபாலில் போட இன்று செஞ்சிக்குப் போனேன். கடைத்தெருவில் சைக்கிள் டயர் வெடித்துவிட்டது. வண்டி நாளைக்குத்தான் கிடைக்கும் என்று சைக்கிள் கடைக்காரன் சொல்லிவிட்டான். அந்த அலைச்சலில் தபாலில் போட மறந்து, கடிதம் சட்டைப்பையிலேயே இருந்தது. வெயில் மண்டையைப் பிளந்தது. வேறு வழியில்லாமல் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு பஸ்ஸில் ஏறிக் கடைசி சீட்டில் உட்கார்ந்தேன். கண்டக்டர் கனகராஜ் என்று ஒரு புதுப் பையன். அவனுக்கு என்னையும் தெரியாது, ராஜாங்கத்தையும் தெரியாது. முன்னால் இருந்த கூடைக்காரி, "உண்ணாமலைக்கு ஒண்ணு குடு" என்றாள். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அவன் டிக்கெட்டைக் கிழித்துக்கொண்டே, "உண்ணாமலை வேற ஆரு? உண்ணாமலை, உண்ணாமலை" என்று கூவிக்கொண்டு வந்தான். ஏழு பேர் கை நீட்டினார்கள். என்னிடம் வந்து, "நீ எங்க பெரியவரே?" என்றான். உண்ணாமலை என்றேன். மாப்பிள்ளை, அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு எனக்கு ஒன்பது வருஷம் ஆகிறது. போர்டில் வேறு பெயர் இருக்கிறதே தம்பி என்று கேட்டேன். "அத படிச்சி முடிக்கறதுக்குள்ள வண்டி கடைசி ஸ்டாப் போயி திரும்பிடும். கல்லுல அஞ்சே எழுத்து, படியில நின்னா கண்ணுக்கு நேரா தெரியுது" என்றான். கல்லடி வந்ததும் விசில் ஊதி, "உண்ணாமலை வந்துட்டுது, எறங்கு எறங்கு, சொமைய பாத்து எறக்கு" என்று கத்தினான். எல்லோரும் இறங்கினார்கள். நான் துண்டுக்குள் அழுதுகொண்டிருந்ததில் இறங்க மறந்துவிட்டேன். கடைசி ஸ்டாப் வரை போய், அதே வண்டியில் மறுபடி டிக்கெட் வாங்கினேன். அந்தப் பக்கத்திலிருந்து வரும்போது எப்படிக் கூப்பிடுகிறான் என்று கேட்க வேண்டாமா? நன்றாகத்தான் கூப்பிட்டான். ஒரு நாளைக்கு ஆறு நடை.

மனுவைக் கிழித்துவிட்டேன். போர்டு இருக்கட்டும், அதன் நிழல் கல் மேல் விழுகிறது, கூடையில் இருக்கிற கீரை வாடாமல் இருக்கும். கையெழுத்து வேண்டாம். நீங்கள் சாரதாவையும் பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு வாருங்கள். செஞ்சி பஸ் ஸ்டாண்டில் கல்லேரிமேடு என்று கேட்காதீர்கள். உண்ணாமலைக்கு இரண்டு முழு டிக்கெட், இரண்டு அரை டிக்கெட் என்று நீங்களே வாய்விட்டுக் கேளுங்கள். கொடுப்பார்கள்.