இமையா விழியாள் கணக்குத் திறந்த படலம்

வாழ்க, பாவாடைக்கு நாடாவும் சட்டைக்குக் கொக்கியும் தைத்துப் பாரோர் மானம் காத்த தையற்பொறித் தலைவி! வாழ்க, ஊசிக்காதில் ஒரே முயற்சியில் நூல் கோக்கும் அவள் உறுதிவிழிகள்!

தைத்த கூலியெல்லாம் கணவனின் கணக்கில் போய் விழ, நூற்கண்டு வாங்கவும் அவன் முகம் பார்த்து நின்ற அவ்வீராங்கனை, தன் பெயரில் ஒரு கணக்கு வேண்டுமெனச் சூளுரைத்து, வரிசையில்லை, அலைச்சலில்லை, வங்கிப் படியே மிதிக்க வேண்டாம், எளியோர்க்கெல்லாம் எம் கதவு திறந்தே கிடக்கும் என்று முழங்கிய செயலியைக் கைப்பேசியில் இறக்கி, அடையாள எண் என்னும் அகழியையும் கடவுச்சொல் என்னும் மதிலையும் கடந்து, இறுதி வாயிலில் வந்து நின்றாள். அங்கே, கேமரா திறந்து, அவள் முகத்தைச் சுற்றி ஒரு வட்டம் எழுந்தது.

“கண்களைச் சிமிட்டுங்கள்!” என்றது வட்டம்.

அந்தோ! தன் கல்யாணப் படங்களில் ஒன்று விடாமல் அவள் கண்மூடி நின்றிருந்தாள்; அன்று தொடங்கிய கணவனின் கேலி இன்றுவரை ஓயவில்லை. அதனால் கேமராவைக் கண்டாலே அவள் இமைகள், பகைவர்முன் தாழாத வேல்களென விறைத்து நிற்கும். ‘சிமிட்டு’ என மனம் ஆணையிட, ‘இனி ஏமாறோம்’ என அவை கிளர்ச்சி செய்தன.

“உயிருள்ள முகம் தெரியவில்லை!” எனச் சிவந்தது வட்டம். இமையாதவர் வானோர் என்பர். எளியோர்க்கெல்லாம் திறந்த அக்கதவு வானோர்க்கு மட்டும் மூடிக்கிடந்தது போலும். மீண்டும் போர், மீண்டும் தோல்வி. “இன்னொரு முறை தவறினால் கிளைக்கு நேரில் வரவும்!”

ஈரத்தலையைத் துவட்டியபடி வந்தான் கணவன்.

“என்னடி, போனை இப்படி முறைக்கிற? அது என்ன உன் நாத்தனாரா?”

“சும்மா இருங்க. கண்ணைச் சிமிட்டச் சொல்லுது. எனக்கு வரமாட்டேங்குது.”

“அதை வரவைக்க ஒரு ஆள் வேணும்ல!”

கைப்பேசிக்குப் பின்னால் போய் நின்று, அவளைப் பார்த்து ஒற்றைக் கண்ணடித்தான். மணமேடையில் கேமரா மின்னும்போதெல்லாம் செய்த அதே குறும்பு! வெட்கம் வெள்ளமெனப் பெருக, ஆண்டாண்டாய் விறைத்திருந்த இமைகள் ஆயுதம் எறிந்து அடிபணிந்தன. வட்டம் பச்சையாயிற்று! நாற்படையும் ஆர்ப்பரித்தாற்போல் கைப்பேசி அதிர்ந்தது. திரையெங்கும் வண்ணத் துகள் சொரிந்தது. இன்னாரின் மனைவி என்னும் அடைமொழி ஏதுமின்றி, அவள் பெயர் தனித்து ஒளிர்ந்தது!

பெயருக்குப் பக்கத்தில், வட்டம் அப்போது பிடித்த படத்தில், அவள் கண் மூடியிருந்தது.