அவளுக்கு ஒண்டும் இல்லை மிஸ்

கர்ப்பிணிகள் கிளினிக்குக்கு மனைவியைக் கூட்டிவரும் கணவர்களில் பல இனங்கள் உண்டு. வெளியே மோட்டார் சைக்கிளை விட்டு இறங்காதவர், தொலைபேசிக்குள் தலையைப் புதைத்தவர், நேர்ஸைக் கண்டதும் வேலியோரம் ஒதுங்குபவர். இவர்களை விடுங்கள், பாவங்கள். நாம் பார்க்கப்போவது, உள்ளே வந்து, மனைவிக்குப் போட்ட கதிரையில் தான் அமர்ந்து, மனைவியிடம் கேட்ட கேள்விக்குத் தான் பதில் சொல்பவரை. பதில்சொல்லிக் கணவர்.

அவருக்கு மனைவியின் உடம்பு தலைகீழ்ப் பாடம். எந்தக் காய் அவளுக்குச் சூடு, எந்த மீன் தின்றால் உடம்புக் கடி, எந்தக் குளிசை விழுங்கினால் தலைச்சுற்று, எல்லாம் தெரியும். அவளுக்குத் தெரியுமா? அவளிடம் யார் கேட்டார்கள்?

பேசாலை பெனடிக்ற் இந்த இனத்தில் முதல் தரம். இரண்டாவது பிள்ளை பிறந்த கையோடு குடும்பநல மாது றம்லா மிஸ் வீட்டுக்கு வந்து, "இனிப் பிள்ளை தங்காமல் இருக்கக் குளிசையா, ஊசியா, லூப்பா?" என்று மனைவி பிரான்சிஸ்காவிடம் கேட்டபோது, முற்றத்தில் கிழிந்த வலை பொத்திக்கொண்டிருந்தவர் தலை நிமிராமலே சொன்னார்: "அவளுக்கு ஊசி ஒத்துவராது மிஸ். நாங்கள் நாள் பாத்து நடக்கிறனாங்கள்."

பிரான்சிஸ்கா அந்த ஊசியைக் கண்ணாலும் கண்டதில்லை. நாள் பார்த்தவரும் அவரே. வருடம் திரும்பமுன் பிரான்சிஸ்கா மறுபடி கிளினிக்கில்.

"கடைசியா மாதவிடாய் எப்ப வந்தது?" றம்லா மிஸ் பிரான்சிஸ்காவைப் பார்த்துத்தான் கேட்டார்.

"போன மாதம் பன்னிரண்டு," என்றார் பெனடிக்ற். "அண்டைக்குத்தான் எனக்கு வலையில அறுக்குளா மீன் பட்டது."

பிரான்சிஸ்காவின் கணக்கில் அது எட்டாம் திகதி. அது போகட்டும், அவளிடம் அதைவிட அவசரமான சங்கதி இருந்தது. ஞாயிறு பூசையில் முழந்தாளிட்டதிலிருந்து வலப்பக்க அடிவயிற்றைக் கொக்கி போட்டு இழுப்பதுபோல ஒரு நோ. இரண்டு நாளாகத் துளித்துளியாக இரத்தம். இன்று விடியத்தொட்டு, ஏனென்று தெரியாமல், தோள்மூட்டிலும் ஒரு குத்து. எதை முதலில் சொல்வது?

யோசிக்க இடம் விட்டால் அவர் என்ன பதில்சொல்லி?

"சத்தி எடுக்கிறதோ?"

"விடிய ஒருக்கா."

"வயித்து நோ ஏதும்?"

"வாயு மிஸ். மாங்காய் திண்டவ. அவளுக்கு ஒண்டும் இல்லை. பிள்ளையும் நல்லாத் துடிக்குது, நான் கை வச்சுப் பாத்தனான்."

றம்லா மிஸ் பேனையைக் கீழே வைத்தார். "ஏழு கிழமையில பிள்ளை ஒரு கச்சான் பருப்பளவு, அண்ணன். துடிப்புத் தெரிய நாலரை, அஞ்சு மாசம் செல்லும். உங்கட கைக்கு மட்டும் முந்தியே அறிவிச்சுப்போட்டுது என்ன?"

வாசலுக்கு வெளியே வாங்கில் காத்திருந்த பெண்கள் சிரித்தார்கள். பெனடிக்றும் சிரித்தார், இந்த இனத்தார் நக்கலைப் பாராட்டு என்றே எடுத்துக்கொள்வார்கள். மிஸ் ஒரு சிறு போத்தலை அவரிடம் நீட்டினார்.

"இதுக்குள்ள சலம் எடுத்துக்கொண்டு வாங்கோ."

"நானோ மிஸ்?"

"எல்லாத்தையும் நீங்கள்தானே சொல்றீங்கள். இதையும் அவவுக்குப் பதிலா நீங்களே தாங்கோ."

போத்தலும் கையுமாகப் பெனடிக்ற் வெளியே போனார். கதவு சாத்தப்பட்டது.

"இப்ப சொல்லுங்கோ, பிரான்சிஸ்கா."

ஒன்பது வருடக் கலியாண வாழ்க்கையில் முதன்முதலாக ஒரு கேள்வி முழுசாக அவளிடம் வந்து சேர்ந்தது. அவள் ஒரே மூச்சில் சொன்னாள். சொல்லி முடிக்கமுன் மிஸ் அம்புலன்ஸுக்கு எடுத்துவிட்டார்.

கரு கருப்பைக்குப் போகாமல் குழாயிலேயே தங்கி, குழாயும் வெடித்துவிட்டிருந்தது. பின்னேரமே மன்னாரில் ஒப்பரேஷன். வாயு என்று வீட்டுக்குத் திரும்பியிருந்தால், பெனடிக்ற் இனிப் பதில் சொல்ல ஆளில்லாத மனிதராகியிருப்பார்.

திருந்தினாரா? என்ன கேள்வி இது? மூன்றாம் நாள் வார்டில், "நான் வேளைக்குக் கொண்டுபோனபடியாத்தான் ஆள் தப்பினது," என்று பார்க்க வந்தவர்களுக்கெல்லாம் விளங்கப்படுத்திக்கொண்டிருந்தார். நேர்ஸ் வந்தார்.

"கொஞ்சக் காலத்துக்கு இனிப் பிள்ளை தங்கக்கூடாது. என்ன முறை பாவிக்கப் போறீங்கள்?"

"அவளுக்கு ஊசி..." என்று பெனடிக்ற் தொடங்கினார்.

"ஊசி போடுங்கோ மிஸ்," என்றது ஒரு குரல்.

அது கட்டிலில் இருந்து வருகிறது என்று பெனடிக்றுக்குப் பிடிபடச் சற்று நேரம் எடுத்தது.

சரி, நீங்கள்? இந்த இனமில்லை என்கிறீர்கள். நம்புகிறோம். எதற்கும் உங்கள் மனைவியிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடலாமா?

"அவவும் இதைத்தான் சொல்லுவா" என்கிறீர்களே. இதைச் சொன்னது யார்?