ஊமைப்பட பாயும் கரை சேராத படகும்

உலகத்தில் எவன் காதலித்தாலும் அதைத் தன் சொந்தக் குடும்பக் கவலையாக எடுத்துக்கொண்ட ஒரே மனிதர், ஆம்பூரில் எங்கள் ஷூ கம்பெனி மெக்கானிக் ஊமைப்பட பாய்தான். நான் தையல் லைன் சூப்பர்வைசர். மிஷின் நின்றால் அவரைத்தான் கூப்பிட வேண்டும். வந்தால் ஸ்குரூ டிரைவருக்கு முன்னால் செல்போன் வெளியே வரும்.

போனில் ஒரு கருப்பு வெள்ளைப் படம். எந்தத் தேசத்துப் படமோ, பேர்கூட யாருக்கும் தெரியாது. ஊமைப்படம், பேச்சுக் கிடையாது. ஒரு படகுக்காரன், ஒரு தையல்காரப் பெண். அவன் பனிமூட்டத்துக்குள் படகை ஓட்டிப் போவான், அவள் கரையில் நிற்பாள். அவ்வளவுதான். கடைசிச் சுருள் தொலைந்துவிட்டதாம்.

"தொலைஞ்சுபோச்சுன்னா இன்னா அர்த்தம்? அந்தப் பொண்ணு எத்தினி நாளு நிக்கும்?" என்று சண்டைக்கு வருவார், நானே தொலைத்த மாதிரி.

படத்தில் உதடு அசைந்தால் வசனம் இவருடையது. "நாஷ்டா பண்ணியா?" என்பான் வெள்ளைக்காரன். "நீ சாப்டாம நான் எப்டி சாப்டுவேன்?" என்று அவள் அழுவாள். லைனே சிரிக்கும். தைக்கிற செல்வி மட்டும், "பாய், படகு வர்றது இருக்கட்டும், என் மிஷின் எப்ப ஓடும்?" என்பாள்.

போன வருஷம் அவர் மனைவி வேலூரில் ஆஸ்பத்திரியில் சேர்ந்தார். வயிற்றில் கட்டி. டாக்டர்கள் கையை விரித்துவிட்டார்கள். ஷிப்ட் முடிந்ததும் பாய் பஸ் ஏறிப் போய்க் கட்டிலோரம் உட்காருவார். இருவருமாக அதே படத்தைப் பார்ப்பார்கள். "போறதுக்குள்ள முடிவு தெரிஞ்சுட்டா நல்லா இருக்கும்" என்றாராம் அந்த அம்மா.

ஒரு மத்தியானம் கேன்டீனில் பாய் கத்தினார். எங்கேயோ அந்தச் சுருள் கிடைத்து, யாரோ இணையத்தில் போட்டிருந்தார்கள். தலையோடு தலை முட்டப் பார்த்தோம். படகு மட்டும் கரை ஒதுங்குகிறது. ஆள் இல்லை. பெண் அதில் ஏறி உட்கார்ந்து முகத்தை மூடிக்கொள்கிறாள்.

பாய் வசனம் கொடுக்கவில்லை. டீ ஆறிப்போனது.

சாயங்காலம் வேலூருக்கு நானும் கூடப் போனேன்.

"முடிவு கிடைச்சுதா?" என்றார் அந்த அம்மா.

"கிடைச்சுது. வந்துட்டான். வளையல், துணிமணி எல்லாம் மூட்டை கட்டிக்கினு வந்துட்டான். ஜாம் ஜாம்னு நிக்கா நடந்துச்சு."

"காட்டுங்க."

"போன்ல சார்ஜ் இல்ல."

பாய் கைக்குள் போன் பளிச்சென்று எரிந்துகொண்டிருந்தது. அந்த அம்மா அதைப் பார்த்தார், பிறகு அவர் முகத்தைப் பார்த்தார். "சந்தோஷம். வந்துட்டான்ல, அது போதும்" என்று கையைப் பிடித்துக்கொண்டார்.

அந்த வாரமே கண்ணை மூடிவிட்டார்.

இப்போது பாய் வருகிறார், பழுது பார்க்கிறார், போகிறார். போன் வெளியே வருவதில்லை. லைனில் மோட்டார் சத்தம்தான். பொறுக்க முடியாத நாட்களில், நன்றாக ஓடுகிற மிஷினை நிறுத்திவிட்டு, "பாய், இது இன்னான்னு கொஞ்சம் பாருங்க" என்று கூப்பிடுகிறேன். அதில் ஒன்றுமில்லை என்று அவருக்கும் தெரியும். உட்கார்ந்து மெதுவாகக் கழற்றுகிறார். நானும் பக்கத்தில் ஒரு ஸ்டூல் போட்டுக்கொள்கிறேன்.