கயோட்டிகளைக் கொல்ல ஒரு கொள்கை

மனித நாகரிகம் எங்கே உச்சத்தைத் தொட்டது என்று கேட்டால் கிரேக்கத்தையும் ரோமையும் காட்டுகிறவர்கள், அமெரிக்காவில் மொன்டானா மாநிலத்தின் கிழக்கு மூலையில் இருக்கும் எங்கள் டிரை ஹார்ன் வட்டாரத்தைப் பார்க்காதவர்கள். சாகப்போகும் கயோட்டியின் மனம் புண்படக் கூடாது என்று கூட்டம் போட்டுத் தீர்மானம் நிறைவேற்றிய ஊர் உலகில் இது ஒன்றுதான்.

கயோட்டி நரிக்கு அண்ணன், ஓநாய்க்குத் தம்பி. இரண்டு குடும்பங்களின் கெட்ட பெயரும் அதற்குப் பரம்பரைச் சொத்தாக வந்து சேர்ந்திருக்கிறது. எங்கள் பக்கம் அதை எந்த மாதமும் சுடலாம். உரிமம் வேண்டாம், காரணமும் வேண்டாம். ஆண்டுதோறும் குளிர்காலத்தில் போட்டி வைத்தே சுடுவோம். சென்ற போட்டி முடிந்ததும், செத்தவற்றை மதுக்கடை வாசலில் குவித்து, அதன் பின்னால் நின்று பல் தெரியச் சிரித்துப் படம் எடுத்துக்கொண்டோம். அது எப்படியோ தலைநகரப் பத்திரிகை ஒன்றில் வந்துவிட்டது.

படத்தின் நடுவில் நின்றவர் ஆர்வில் ஸ்டோக். ஆட்டுப் பண்ணைக்காரர், அறுபதைத் தாண்டியவர், ஞாயிறு தோறும் தேவாலயத்தில் காணிக்கைத் தட்டு ஏந்துகிறவர். பத்திரிகையில் தன் முகத்தைப் பார்த்து அவரே கொஞ்சம் மிரண்டுபோனார்.

"செத்ததுங்க எல்லாம் எவ்வளவு கண்ணியமா இருக்குதுங்க பாரு," என்றாள் அவர் மனைவி நடீன். "நீதான் சரியில்ல."

இப்படித்தான் "டிரை ஹார்ன் கயோட்டி வேட்டை நெறிமுறைக் குழு" பிறந்தது. தலைவர் பதவிக்கு ஆர்வில் ஏகமனதாகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். தன் நேர்மைக்குக் கிடைத்த மரியாதை என்று அவர் நெகிழ்ந்திருந்தபோது, பக்கத்துப் பண்ணை கஸ் பீட்டர்மன் விளக்கம் சொன்னார்: "படத்துல உன் பல்லுதான்யா அதிகமா தெரியுது. நீயே பதில் சொல்லு."

தீயணைப்பு நிலையத்துக் கூடத்தில், காபியும் ஆப்பிள் கேக்கும் சாட்சியாக, முதல் கூட்டம் கூடியது. செயலாளர் லவெர்ன், ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை. எழுத்துப்பிழை இல்லாமல் மனசாட்சியைப் பதிவு செய்ய அவரை விட்டால் ஆள் இல்லை.

"சுடறதுக்கு முன்னாடி அதுக்கு ஒரு எச்சரிக்கை குடுக்கணுமா?" என்று கேட்டார் கஸ்.

"குடுத்தா ஓடிடுமேய்யா."

"அப்ப சுட்டப்புறம் குடுக்கலாம்."

ஆலோசனை குறித்துக்கொள்ளப்பட்டது.

"வண்டியில துரத்தக் கூடாதுன்னு போட்டுக்கறேன்," என்றார் லவெர்ன்.

"நாம போற திசையிலயே அதுவும் ஓடினா?"

"அது துரத்தல் இல்ல. சக பயணம்," என்று ஆர்வில் தீர்ப்பளித்தார். தன் வாயிலிருந்து இவ்வளவு நயமான சொற்கள் வரும் என்று அவருக்கே அதுவரை தெரியாது.

அடிபட்ட முயலைப்போலக் கத்தும் ஊதுகுழலைப் பற்றித்தான் நீண்ட விவாதம். அதை ஊதி கயோட்டியை வரவழைப்பது பொய் சொல்வதாகாதா என்று லவெர்ன் கேட்டார். கஸ் கொதித்துவிட்டார். "நான் முயல்னு எங்கேயாவது சொன்னேனா? நான் பாட்டுக்குக் கத்தறேன். அதுவா தப்பாப் புரிஞ்சுக்கிட்டா நான் என்ன பண்றது?" பொய் வேறு, தவறான புரிதல் வேறு என்று முடிவானது.

கடைசியில் ஆர்வில் தானே எழுதிய விதியை எழுந்து நின்று வாசித்தார். "மந்தையில் வாய் வைத்த விலங்கு, அது எதுவாயினும், கண்ட இடத்திலேயே சுடப்படும். விதிவிலக்கு கிடையாது." மேசையை ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார். கைதட்டல் அடங்க நேரமானது. அன்று பல் துலக்கும்போது கண்ணாடியில் பத்துக் கட்டளை கொண்டுவந்த மோசேயின் சாயல் தெரிகிறதா என்று அவர் பக்கவாட்டில் திரும்பிப் பார்த்ததை நடீன் பார்த்துவிட்டாள்.

விதியில் அவருக்கு வேகம் வரக் காரணம் இருந்தது. அந்த வசந்தத்தில் அவர் பண்ணையில் குட்டிகள் செத்துக்கொண்டே இருந்தன. ஒவ்வொரு குட்டிக்கும் ஈடாக ஒரு கயோட்டியைச் சுட்டு, மற்றவற்றுக்குப் பாடமாக இருக்கட்டும் என்று வேலிக் கம்பியில் தொங்கவிட்டுவந்தார். பாடம் யாருக்கும் ஏறியதாகத் தெரியவில்லை. இத்தனைக்கும் மந்தைக்குக் காவலாக ஷெரிப் இருந்தது. ஷெரிப் என்பது நாய்; வெள்ளை வெளேரென்று கன்றுக்குட்டி உயரம். காவல் அதிகாரியான நிஜ ஷெரிப்பைவிட ஊரில் இதற்கு மதிப்பு அதிகம்.

நெறிமுறை எப்படிச் செயல்படுகிறது என்று பார்க்க, படத்தை வெளியிட்ட அதே பத்திரிகை மார்னி ஓக்ஸ் என்ற இளம்பெண்ணை அனுப்பியது. விடிந்தும் விடியாத நேரத்தில் ஆர்வில் அவளை மேய்ச்சல் நிலத்துக்கு அழைத்துப்போய், சேஜ் புதருக்குப் பின்னால் உட்கார வைத்து, முயலாக மாறிக் கதறினார்.

கயோட்டி ஒன்று வந்தது. குழலைக் கேட்டு வந்ததாகத் தெரியவில்லை. தன் பாட்டுக்கு எலி பிடித்துக்கொண்டு வந்தது. புல்லில் காதை வைத்துக் கேட்கும், எம்பிக் குதிக்கும், மெல்லும். பக்கத்திலேயே ஆடுகள் குட்டிகளோடு மேய்ந்தன. ஒன்றுகூடத் தலையை நிமிர்த்தவில்லை.

"ஆடுங்க பயப்படவே இல்லையே?" என்று மார்னி கிசுகிசுத்தாள்.

"அதுங்களுக்கு விவரம் பத்தாதும்மா," என்று சொல்லிவிட்டு ஆர்வில் சுட்டார்.

ஒரே குண்டு. நெறிமுறைப்படி அருகில் போய்த் தொப்பியைக் கழற்றி மௌனம் காத்தார். மார்னியும் தலை குனிந்தாள். குனிந்த இடத்தில் கயோட்டியின் வாய் தெரிந்தது. கம்பளி மயிர் எதுவும் இல்லை. பாதி விழுங்கிய ஒரு வயல் எலி, வால் வெளியே.

மௌனம் முடியுமுன் மேட்டுக்கு அப்பால் ஒரு குட்டி அலறியது. அலறல் பாதியில் நின்றது. இருவரும் ஓடினார்கள்.

சரிவில் ஷெரிப் நின்றுகொண்டிருந்தது. காலடியில் ஒரு குட்டி. சற்றுத் தள்ளி இன்னொன்று, கழுத்து திரும்பிக் கிடந்தது. வெள்ளை மார்பு முழுக்கச் சிவப்பு.

ஆர்வில் துப்பாக்கியை உயர்த்தினார். இருபதடி தூரம், கண்ணை மூடிச் சுட்டாலும் தப்பாது. அப்போது ஷெரிப் அவரைப் பார்த்தது. அடடா நீயா என்பதுபோல வாலை ஆட்டியது. துப்பாக்கி தானாகவே தாழ்ந்தது.

"மிஸ்டர் ஸ்டோக்... விதிவிலக்கு கிடையாதுன்னு எழுதியிருந்ததே."

"ஞாபகம் இருக்கும்மா."

"எதுவாயினும்னு வேற..."

"அதை எழுதினதே நான்தான்!"

வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் வேலி. வேலியெல்லாம் அவர் தொங்கவிட்ட "பாடங்கள்". ஆர்வில் சாலையை மட்டும் பார்த்து வண்டி ஓட்டினார். வாசலில் நடீன் நாயையும் பார்த்தாள், புருஷனையும் பார்த்தாள். "ரெண்டு பேரையும் கழுவணும் போலிருக்கே," என்று வாளியை எடுக்கப் போனாள்.

அவசரக் கூட்டம் கூட்டப்பட்டது. ஆர்வில் எதையும் மறைக்காமல் சொன்னார். குட்டிகளைக் கொன்றது ஷெரிப். அநேகமாக வசந்தம் முழுவதும் கொன்றது அதுவேதான். குற்றம் சாட்டப்பட்டவர் குளித்துவிட்டு வந்து ஹீட்டர் அருகே குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்.

"விளையாடியிருக்கும்யா," என்றார் கஸ்.

"ரத்தம் வரவா?"

"நீ ஐஸ் ஹாக்கி பாத்ததே இல்லையா?"

பிடிபட்டது முதல் தடவை என்றால் மறுவாழ்வுக்கு வாய்ப்பு தரலாம், சூழ்நிலையைக் கருத்தில் கொள்ளலாம் என்றார் லவெர்ன். சூழ்நிலை என்ற சொல் கஸ்ஸுக்கு வழிகாட்டியது.

"கெட்ட சகவாசம்! பொழுது சாஞ்சா அந்தக் கயோட்டிங்க போடற ஊளையக் கேட்டுக் கேட்டுத்தான் இதோட மனசு கெட்டுப்போயிருக்கு. தூண்டிவிட்டது யாரு? அவங்களப் பிடிக்கணும்."

"நான் சுட்டது எலி தின்னுக்கிட்டு இருந்துச்சு, கஸ்."

"இன்னிக்கு எலி. நாளைக்கு?"

"நாளைக்கும் எலிதான்யா!"

யாரோ காபியைக் கலக்கினார்கள். பிறகு லவெர்ன் திருத்தத்தை வாசித்தார்: மந்தையில் வாய் வைக்கும் நாய்களுக்கு அன்பான கண்காணிப்பு, அவற்றைத் தூண்டும் கயோட்டிகளுக்கு ஆண்டுக்கு இரண்டு போட்டிகள். ஆதரிப்பவர்கள் கை தூக்கலாம்.

எதிர்த்தால் ஷெரிப்பைத் துப்பாக்கியோடு கொல்லைப்புறம் அழைத்துப்போக வேண்டியிருக்கும். ஆர்வில் ஹீட்டர் பக்கம் ஒருமுறை பார்த்தார். எல்லாக் கைகளும் எழுந்தன. தன் கையும் எழுவதை, யாருடைய கையோ என்பதுபோல அவர் வேடிக்கை பார்த்தார்.

வாசலருகே நின்றிருந்த மார்னி முன்னால் வந்தாள். "பத்திரிகைக்கு ஒரே ஒரு வரி குடுங்க, மிஸ்டர் ஸ்டோக். உங்க கொள்கைப்படி, சாக வேண்டிய மிருகம்னா எது?"

கஸ் கூரையைப் பார்த்தார். லவெர்ன் பேனாவைப் பார்த்தார். ஆர்வில் தன் கைகளைப் பார்த்தார்.

"எங்களப் பாத்து வாலாட்டத் தெரியாத எதுவும்," என்றார்.

சிரிப்பார்கள், அல்லது கல்லெறிவார்கள் என்று அவர் எதிர்பார்த்தார். லவெர்ன் அதைக் கவனமாக எழுதிக்கொண்டு, மூக்குக் கண்ணாடிக்கு மேலாக எல்லோரையும் பார்த்தார்.

"ரொம்பத் தெளிவா இருக்கு. இதையே நம்ம நெறிமுறையோட முகப்புல போட்டுடலாமா?"

ஆட்சேபம் எதுவும் எழவில்லை.