பிட்டர் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தவன்

கரியாலூர்

உளுந்தூர்பேட்டையில் லாரிப் பட்டறை நடத்திவரும் மரியாதைக்குரிய மச்சான் ஐயப்பன் அவர்களுக்கு, உங்கள் தங்கை பவானியின் கணவன் கரியன் கும்பிட்டு எழுதுவது. இங்கே சாமைப் பயிர் நலம், மாடு நலம், என்னைத் தவிர எல்லோரும் நலம். அங்கே உங்கள் நலமும் அக்கா நலமும் அறிய ஆவல். போனிலேயே பேசலாமே என்பீர்கள். எல்லாவற்றுக்கும் அந்தப் போன்தான் காரணம்.

எங்கள் மலைப் பள்ளியில் தொழிற்கல்விப் பிரிவு கிடையாது. இந்த வருடம் மலைப் பிள்ளைகளும் வாரத்தில் இரண்டு நாள் வேனில் கீழே இறங்கி, கள்ளக்குறிச்சிப் பக்கத்துப் பள்ளியில் தொழில் படிக்கலாம் என்று ஏற்பாடாகியிருக்கிறது. பதினொன்றாம் வகுப்பு படிக்கும் என் மகள் எழில்மதி, சாமை அரைக்கிற மில்லில் மோட்டார் நின்றால் ஆள் வருவதற்குள் தானே கழற்றிப் பரப்பிவிடுகிறவள். பெயர் கொடுத்திருக்கிறாள். என்னிடம் சொல்லியும் இருக்கிறாள். நான்தான் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டே "ஆவட்டும், ஆவட்டும்" என்றிருக்கிறேன். போன செவ்வாய்க்கிழமை அவள் ஆசிரியர் வெற்றிவேல் சார் போன் செய்தார். நம் டவர் பாதிப் பேச்சை விழுங்கிவிடும் அல்லவா? "எழில்மதி... பிட்டர்... உடனே வந்து கையெழுத்து..." இவ்வளவுதான் காதில் விழுந்தது. பரீட்சையில் பிட்டு அடிக்கிறவர்களைத்தான் பிட்டர் என்கிறார்கள் என்று நானே முடிவு கட்டினேன். எனக்கு அறிவு அவ்வளவு வேகம்.

பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்த எங்கள் ஊர் ஆண்டாளிடம் சொல்லி அழுதேன். இப்போது ஊருக்கே தெரியும். பள்ளியில் சார் வாயைத் திறப்பதற்குள், "எங்க வம்சத்துலியே பிட்டர் கெடையாதுங்க சார். எம்பொண்ணுக்கு பிட்டரு வேணாங்க" என்றேன். "இன்னாங்க இது, நல்லா யோசிச்சிக்கினு சொல்லுங்க. நம்ம ஸ்கூலுக்கு இருக்கறதே ஒரு எடந்தான்" என்றார். பிட்டு அடிப்பதற்குக்கூட இடம் ஒதுக்குகிறார்களா என்று எனக்குக் கோபம் வந்துவிட்டது. "ஒரு எடமும் வேணாங்க!" என்று கத்தி, அதை எழுதியும் கொடுத்துவிட்டு, பிள்ளையைக் காப்பாற்றிய பெருமையில் மிக்சர் வாங்கிக்கொண்டு வீடு வந்து சேர்ந்தேன்.

சாயங்காலம் எழில்மதி வந்தாள். "அப்பா, பிட்டர்னா இரும்ப அளந்து, அறுத்து, பொருத்தற வேலப்பா" என்றாள். மிக்சர் தொண்டையிலேயே நின்றுவிட்டது. அவள் அழவில்லை மச்சான். அழுதிருந்தால் நாலு அதட்டல் போட்டு நான் தப்பித்திருப்பேன். புத்தகப் பையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். எனக்கு மனசே ஆறவில்லை. உங்கள் தங்கை என்னோடு பேச்சையே நிறுத்திவிட்டாள். பாத்திரம் துலக்குவது, தண்ணீர் எடுப்பது எல்லாம் இனி நான்தான் என்று எனக்கு நானே தண்டனை போட்டுக்கொண்டேன். மாதக் கடைசிக்குள் பெயரைச் சேர்க்காவிட்டால் அந்த இடம் வேறு பள்ளிக்குப் போய்விடுமாம். நான் திரும்பப் போனால் வேறு எதையாவது வேண்டாமென்று எழுதிக் கொடுத்துவிடுவேன். நம் உறவில் பிட்டர் என்றால் என்னவென்று தெரிந்தவர் நீங்கள் ஒருவர்தான். ஒரு நடை வந்து சாரிடம் பேசுங்கள்.

அக்காவுக்கு வணக்கம். பிள்ளைகளுக்கு என் ஆசி. அவர்களுக்கு என் காது மட்டும் வராமல் இருக்கட்டும்.

இப்படிக்கு,
வேண்டாம் என்று எழுதிய அதே கையால்,
கரியன்

பின்குறிப்பு: மாமா, எழில்மதி எழுதுகிறேன். உறையில் போட்டு ஒட்டச் சொல்லி அப்பா இதை என்னிடம் கொடுத்தார். நீங்கள் வர வேண்டாம். மறுநாளே அம்மா பள்ளிக்கு வந்து கையெழுத்துப் போட்டுவிட்டார். சாரும் சிரித்து முடித்துவிட்டு என் பெயரைச் சேர்த்துக்கொண்டார். அப்பாவுக்கு மட்டும் இன்னும் தெரியாது. "திங்கக்கெழம வேன் வந்து நின்னா தானா தெரிஞ்சிக்கட்டும். அதுவரிக்கும் சொல்லாத. பாத்திரமெல்லாம் பளபளன்னு இருக்குது" என்கிறார் அம்மா.