சாந்தி ரொம்ப சாது

சாது மிரண்டால் காடு கொள்ளாது என்பார்கள். காடு என்ன, தி.நகர் கல்யாண மண்டபமே கொள்ளாது. கண்ணால் பார்த்தவன் சொல்கிறேன்.

அந்தச் சாதுவின் பெயர் சாந்தி. உள்ளங்கை அகலத்துக்கு ஒரு டரான்டுலா சிலந்தி. பெருங்குடி ஆபீஸில் என்னோடு வேலை பார்த்தவன் வெளிநாடு போகும்போது என் தலையில் கட்டிவிட்டுப் போனான். கடிக்காது. கோபம் வந்தால் பின்னங்காலால் வயிற்றைத் தேய்த்து ரோமத்தை உதிர்க்கும், அவ்வளவுதான். (கண்ணுக்கே தெரியாத ரோமம். பட்ட இடம் அரிக்கும் பாருங்கள், அப்பப்பா!) அதனால் தொட்டியைச் சுத்தம் செய்யும்போது அலமாரியிலிருந்து ஒரு பச்சை பார்டர் சால்வையைக் கையில் சுற்றிக்கொண்டுதான் அவளைத் தூக்கி வைப்பேன். முடிந்ததும் அழகாக மடித்து, எடுத்த இடத்திலேயே வைத்துவிடுவேன். என்ன பொறுப்பு, என்ன பொறுப்பு!

சால்வைக்கா பஞ்சம்? அப்பா மயிலாப்பூரில் ஒரு சபாவின் காரியதரிசி. மேடை ஏறினாலே சால்வைதான். வந்ததை அடுத்தவருக்குப் போர்த்துவது எங்கள் குல வழக்கம். கொடுத்தவருக்கே திரும்பிப் போய்விடக் கூடாதே என்பது ஒன்றுதான் அம்மாவின் கவலை.

அக்காவின் நிச்சயதார்த்தம் வந்தது. லக்னப் பத்திரிகை வாசிப்பதற்கு முன் அப்பா சம்பந்தி மாமாவுக்கு ஒரு சால்வையைப் போர்த்தினார். மாமா கை கூப்பினார். கூப்பிய கை கழுத்துக்குப் போனது. பிறகு முதுகுக்கு. பிறகு நாற்காலியில் முதுகைப் போட்டுத் தேய்க்க ஆரம்பித்துவிட்டார்.

"ஏன்னா, இப்படி நெளியறேள்?" என்றார் சம்பந்தி மாமி.

"நெருப்பா எரியறதுடி!" என்று மாமா சட்டையைக் கழற்றினார்.

அப்போதுதான் சால்வையின் பச்சை பார்டரைப் பார்த்தேன். ஐயோ, சாந்தியின் சால்வை! வாயை மூடிக்கொண்டிருந்தால் வேர்க்குரு என்று போயிருக்கும். என் வாய் கேட்டால்தானே? ஓடிப்போய் சால்வையைப் பிடுங்கி ஆறுதல் சொன்னேன்.

"பயப்படாதீங்கோ மாமா, சாந்தி கடிக்க மாட்டா. கடிச்சாலும் விஷம் ஒண்ணும் பண்ணாது. தேனீ கொட்டின மாதிரிதான்."

"விஷமா?" என்றார் மாமா.

மாமி மாமாவையே முறைத்தார். "யாருன்னா அந்த சாந்தி?"

"எங்காத்து சிலந்தி மாமி" என்று செல்போனில் படத்தை நீட்டினேன். மாமி போட்ட அலறலில் நாதஸ்வரமே நின்றுபோனது.

"இந்தச் சம்பந்தமே வேண்டாம், எழுந்திருங்கோ!"

அக்கா அழவில்லை. என்னைப் பார்த்தாள். உண்மையான விஷம் எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

நல்லவேளை, மாமா எழுந்திருக்கவில்லை. "வெறும் உடம்போட பாண்டி பஜார்ல நடக்கச் சொல்றியா?" என்று மாமியிடம் எரிந்து விழுந்தார். "சாஸ்திரிகளே, பத்திரிகையை வாசியும். சீக்கிரம் வாசியும்!"

சாஸ்திரிகள் மூச்சு விடாமல் வாசித்து முடித்தார். கல்யாணமும் நடந்தது.

இன்றைக்கும் எந்த விசேஷத்தில் அப்பா சால்வையைப் பிரித்தாலும் மாமா ஓரடி பின்னால் போய்விடுவார். "முதல்ல உம்ம பிள்ளைக்குப் போர்த்தும். அஞ்சு நிமிஷம் பார்ப்போம்."

நான் போர்த்திக்கொண்டு நிற்பேன். இரண்டு குடும்பமும் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும்.